நிழல் பக்கம்

நீராவி எஞ்சினைப் படம் பிடிக்கப் போகிறவர்களுக்குப் பாலபாடம் ஒன்றே ஒன்றுதான்: சூரியனுக்கு முதுகைக் காட்டி நில். அப்போதுதான் வெளிச்சம் எஞ்சின் மேல் விழும், புகை வெள்ளைவெளேரென்று சுருளும், சக்கரங்கள் பளபளக்கும். இதுகூடத் தெரியாதவன் கேமராவைத் தொடவே கூடாது என்பார்கள். பல்லக்காவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அத்தனை வருஷமும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், நிழலில், தன்னந்தனியாக நின்றுதான் படம் பிடித்தாள்.

"வெயில் பட்டா கறுத்துடுவீங்களா?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கணக்கு வாத்தியார் கத்துவார். ஓய்வு பெற்ற மனிதர். மூன்று கால் ஸ்டாண்டு, மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க் என்று ஒரு குடித்தனத்தையே தூக்கிக்கொண்டு வருவார்.

"வெயில்ல பல்லோட கலர் தெரியாது வாத்தியாரே" என்பாள். அவர் அதை ஜோக் என்று நினைத்துச் சிரிப்பார்.

ஜோக்கெல்லாம் இல்லை. பல் செய்வதுதான் அவள் தொழில். டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார், இவள் அதற்குத் தக்கபடி பல் செய்து கொடுப்பாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நீளமாக ஓர் அறை, மேசை முழுக்க யார் யாருடையவோ பிளாஸ்டர் தாடைகள், மூலையில் பீங்கான் பல்லைச் சுடுகிற சின்ன அடுப்பு. பல்லக்கா என்ற பேரும் அங்கே ஒட்டிக்கொண்டதுதான். நேர் வெயிலில் எல்லாப் பல்லும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும், நிழல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் நிஜ நிறம் தெரியும். இது அவள் தொழிலின் பாலபாடம்.

அப்படி யார் பல்லைப் பார்க்க ரயில்வே கேட்டுக்குப் போனாள்? தம்பி பல்லைத்தான்.

சின்ன வயதில் அக்கா துரத்த, தம்பி ஓட, தெருக்குழாயில் மோதி அவனுடைய முன்பல் பாதியாகப் போனது. பின்னால் இவள் தொழில் கற்றுக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் முதன்முதலில் செய்த பல் அவனுக்குத்தான். "டேய், பீங்கான் நிறம் மாறாது. உன் சொந்தப் பல்லுங்க டீயும் புகையும் குடிச்சு மஞ்சளாயிடும். அப்பப்போ வந்து இதை மாத்திக்கணும், தெரியுதா?" என்று சொல்லித்தான் பொருத்தி அனுப்பினாள்.

அவன் ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால் எஞ்சினைக் காட்டுவான். வருஷத்தில் சில நாள் அந்தப் பழைய நீராவி எஞ்சினை ஷெட்டிலிருந்து எடுத்து, மெயின் லைனில், மின்சார ரயில்களுக்கு நடுவே ஓட்டுவார்கள். ஊரே வேடிக்கை பார்க்கும். அதில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன் இவன்.

அப்படி ஓட்டிய ஒரு நாளில்தான் அம்மா போய்விட்டாள். வழியிலேயே தகவல் சொல்லியும் அவன் இறங்கவில்லை. போய்ச் சேர வேண்டிய இடம் வரைக்கும் ஓட்டிவிட்டுத்தான் வந்தான். வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

"எரியிற அடுப்ப நடுவழியில விட்டுட்டு வர முடியாதுக்கா" என்றான். முகமெல்லாம் கரி, கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

"அப்போ அந்த அடுப்போடயே இரு. இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன்."

"நீயா கூப்பிடாம நானும் வர மாட்டேன்."

இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லையா, பிடித்த முயலுக்கு இரண்டு பேரிடமும் மூணே கால்தான். வருஷங்கள் ஓடின. பல்லக்காவின் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "ஃபோனைப் போட்டுத் தொலையேன், உன் கையா தேய்ஞ்சிடும்?" என்பார். "அவன் பண்ணட்டும்" என்பாள். "அவனும் அங்க இதையேதான் சொல்லிட்டிருப்பான்" என்று அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

ஆனால் தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? முகத்தில் முழிக்க மாட்டேன் என்றுதானே சொன்னாள், கேமராவில் பார்க்க மாட்டேன் என்று சொன்னாளா? ஒரு கேமரா வாங்கினாள். எஞ்சின் ஓடுகிற நாளில் லீவு போட்டுவிட்டு முதல் ஆளாகக் கேட்டுக்குப் போய் நின்றாள். காலையில் எஞ்சின் கிளம்பி வரும்போது ஃபயர்மேன் நிற்கும் பக்கம் நிழலில் இருக்கும். அதுவும் வசதியாகப் போயிற்று, பல் நிறம் பார்க்கத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தக் கேட் வந்தால் மட்டும் ஐயா ஜன்னலில் கையை ஊன்றி, கழுத்தை விறைத்துக்கொண்டு, நேரே முன்னால் பார்ப்பார். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் பக்கவாட்டு முகம். மூச்சு வாங்க வாய் திறந்திருந்தால் ஒரு ஓரமாக அந்தப் பல். வீட்டுக்கு வந்து படத்தை நிறுத்தி, பெரிசு பண்ணி, நிறத்தை மனதில் வாங்கிக்கொண்டு, மறுநாள் ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே அவனுக்கு ஒரு பல் செய்வாள். அடுத்த தடவை மற்ற பற்கள் இன்னும் கொஞ்சம் மஞ்சளாகியிருக்கும். பழசைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதற்குத் தகுந்த மாதிரி வேறு ஒன்று செய்வாள். கடைசியாகச் செய்தது மேசை இழுப்பறையில் ஒரு சின்ன டப்பாவில் இருந்தது.

பிறகு, எஞ்சினுக்கு வயதாகிவிட்டது, இதுதான் கடைசி ஓட்டம், இனி ஷெட்டில்தான் நிற்கும் என்று அறிவித்தார்கள். அன்று ராத்திரி சோறு போடும்போது பல்லக்கா தானாகவே சொன்னாள்: "கேமராவ ஸ்டாண்டுல வச்சிட்டு, கண்ணால பார்க்கப் போறேன். டேய்னு கூப்பிடப் போறேன். வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்." வீட்டுக்காரர் அவசரமாக "ரசம் ஊத்து" என்று பேச்சை மாற்றினார். எங்கே மனசை மாற்றிக்கொள்வாளோ என்று அவருக்குப் பயம்.

கடைசி ஓட்டத்தன்று கேட்டில் ஒரே புலம்பல். ஷெட்டில் எஞ்சினைத் திருப்பிப் போடுகிற வட்ட மேடை பழுதாம், எஞ்சின் பின்பக்கமாகத்தான் வருமாம். "கடைசி நாள்ல முதுகைக் காட்டிட்டு வருதே" என்று பாதிப் பேர் கிளம்பிப் போனார்கள். பல்லக்கா காதில் வாங்கிக்கொண்டாள். முன்னால் வந்தால் என்ன, பின்னால் வந்தால் என்ன, எஞ்சின் மூஞ்சியையா பார்க்க வந்தேன் என்று நினைத்துக்கொண்டு தன் நிழலில் போய் நின்றாள்.

எஞ்சின் திரும்பியிருந்தால் அதிலிருக்கிற ஆளும் பக்கம் மாறியிருப்பான். வெயில் பக்கம் நின்ற அத்தனை பேருக்கும் இது தண்ணீர் பட்ட பாடு. இவளுக்கு அன்று தோன்றவே இல்லை. எத்தனையோ வருஷம் ஒரே பக்கம் பார்த்துப் பழகியவளுக்கு, வீட்டு வாசல் இடம் மாறும் என்று எப்படித் தோன்றும்?

கரி வண்டி முன்னால் வர, எஞ்சின் பின்னால் வந்தது. அவள் பக்க ஜன்னலில் பெரிய டிரைவர். அவர் இவளைப் பார்த்ததும் பதறிப்போய்க் கையை ஆட்டினார், தோளுக்கு மேலாகப் பின்னால் பின்னால் என்று காட்டினார். தண்டவாளத்துக்குக் கிட்டே நிற்கிறேன் போலிருக்கிறது என்று இவள் பின்னால் நகர்ந்தாள். நீளமாக விசில் அடித்தது. அதன் பிறகு பெட்டி, பெட்டி, இன்னொரு பெட்டி. 'டேய்' என்று கூப்பிட ஆளே இல்லை.

வீட்டுக்கு வந்து கேமராவை மேசைமேல் எறியாத குறையாக வைத்தாள். "கடைசி நாள்லகூட அந்தப் பக்கம் போய் ஒளிஞ்சுக்கிட்டான். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறவனுக்கு நான் ஏன் ஃபோன் பண்ணணும்?" வீட்டுக்காரர் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார்.

அதே மாதம் பட்டறையிலிருந்து ஃபோன் வந்தது, தம்பி போய்விட்டான் என்று. நுரையீரலில் கட்டி. அவன் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான், டிரைவர் ஒருவருக்குத்தான் தெரியும். பல்லக்கா போனபோது அவனைப் பெட்டியில் வைத்து மூடியாகிவிட்டது. திறக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று தலையாட்டினாள். எந்த முகத்தோடு போய் அந்த முகத்தைப் பார்ப்பாள்?

வாசலில் டிரைவர் கிட்டே வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு அவனால கரி அள்ள முடியலம்மா. வேற ஆள்தான் அள்ளினான். இவன் சும்மா நின்னுக்கிட்டு வந்தான். அக்காவுக்குக் கை காட்டணும், அதுக்காகத்தான் வர்றேன்னான்."

"அப்புறம் ஏன் அந்தப் பக்கம் போனான்?"

"அவன் எங்கம்மா போனான்? எஞ்சின் திரும்பியிருந்துச்சு, அவன் இடம் அங்கதான். நானும் சொன்னேன், உங்கக்கா எப்பவும் நிழல் பக்கம்தானே நிப்பாங்க, என் பக்கம் வந்து நில்லுடான்னு. கேட்டாத்தானே. 'அக்கா நிழலுக்காகவா அங்க நின்னா? எனக்காக நின்னா. நான் எந்தப் பக்கமோ அவ அந்தப் பக்கம்'னு சொல்லிட்டு அங்கயே நின்னான்." அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார். "உங்களப் பார்த்ததும் அந்தப் பக்கம் ஓடுங்கன்னுதான் கையக் காட்டினேன். நீங்க பின்னால நகர்ந்தீங்க."

பல்லக்கா அழவில்லை. தன் இரண்டு கால்களையும் யாருடைய கால்களோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து அவளே கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டு, கடைசி நாள் எடுத்த படத்தைக் கொண்டுவரச் சொன்னாள். அவர் லேப்டாப்போடு அந்த நீள அறைக்கு வந்தார். பிளாஸ்டர் தாடைகளை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தாள்.

"இதை நான் யாருக்கும் காட்டலம்மா. ஒரு ஆள் நடுவுல கையக் காட்டிப் படத்தக் கெடுத்துட்டான்னு கோபமா இருந்தேன். யாருக்குடா காட்டுறான்னு நாங்க எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தோம்."

படம் ஓடியது. நல்ல வெயில். தம்பி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். கூட்டத்தில் ஒரு முகம் விடாமல் தேடினான். கடைசி ஆள் வரைக்கும் தேடிவிட்டு, சிரிப்பு மாறாமலே, வாத்தியாருடைய கேமராவை நேராகப் பார்த்தான்.

"நிறுத்துங்க" என்றாள்.

இழுப்பறையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். அந்தப் பல்லை இடுக்கியில் பிடித்து, திரையில் அவன் சிரிப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் வாயில் அவள் முதலில் செய்த பழைய பல் பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. புதுசு மற்ற பற்களோடு பற்களாகக் கலந்தது.

"வெயில்ல கலர் தெரியாதுன்னு சொல்வீங்களே" என்றார் வாத்தியார் மெதுவாக.

"தெரியுது. சரியா இருக்கு."

அவள் பல்லைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"டேய்" என்று கூப்பிட்டாள்.