குடம் உடைத்த தவில்காரர்

தஞ்சாவூர்ப் பக்கத்து உறவுகளே, இங்கே பூதப்பாண்டியில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு பலகாரமல்ல, சாப்பாடு. வந்த புதிதில் பக்கத்து வீட்டில் அதைத் தின்றுவிட்டு, சோறு வருமென்று கைகழுவாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பசி அடங்கவில்லை என்று நினைத்த அந்த வீட்டு அக்கா மறுபடியும் கிழங்கையே வைத்தாள். அன்று பட்ட பாடு சொல்லி முடியாது.

என் வீட்டுக்காரர் தவில் வித்துவான். இந்தத் திருவிதாங்கூரில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் குறைவில்லை என்று நம்பி வந்தோம். மறு வருஷமே வாந்திபேதி பரவியது. தேரோட்டம் நின்றது, கல்யாணங்கள் தள்ளிப்போயின. கூட்டம் கூடக்கூடாதென்று தண்டோரா போட்டார்கள். தண்டோரா போட்டவருக்காவது தட்டிய கூலி கிடைத்தது. எங்கள் வித்துவானுக்கு அதுவும் இல்லை. கிழங்கு எனக்குப் பழகியது அப்போதுதான்.

அம்மன் கொடைத் திருவிழா நின்றால் நோய் இன்னும் மூர்க்கமாகும் என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. அதனால் நாலைந்து வீட்டார் சேர்ந்து அதை மட்டும் பட்டப்பகலில் சுருக்கமாக நடத்தினார்கள். அங்கே பாடும் வில்லுப்பாட்டில் குடம் அடிப்பவர் நோயில் படுத்துவிட, பாட்டுத் தலைவரான அண்ணாவி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தவில் பழகின கை இது. பானை தட்டறதுக்கா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீரு வரலேன்னா அம்மனுக்கும் பட்டினி, நமக்கும் பட்டினிதான் வே," என்றார் அண்ணாவி.

இவர் அவரோடு போனார். ஆனால் வீம்பு விடுமா? குடத்தின் வாயில் பாளை மட்டையால் பதமாகத் தட்டுவதுதான் முறை. இவர் மட்டையைத் தொடவில்லை. தவிலடிக்க விரலுக்குப் போடும் கெட்டியான கூடுகளை மாட்டிக்கொண்டு, தோலை அறைவதுபோல் அறைந்தார். குடம் சிதறியது. உதைதான் விழப்போகிறது என்று கூட்டத்தில் நின்ற நான் நினைத்தேன். ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டாள்: "நோய உடச்சுப் போட்டாரு மக்கா."

அப்புறம் ஊர் ஊராக அழைப்பு. எல்லோருக்கும் குடம் உடைய வேண்டும். இவரோ அதற்குள் அண்ணாவியிடம் மட்டை பிடிக்கப் படித்து, மண்குடத்திலிருந்து மழைச் சத்தம் எழுப்பப் பழகியிருந்தார். கேட்க ஆளில்லை, எப்போது உடையும் என்று பார்த்திருந்தார்கள். கடைசியில் கூட்டை மாட்டி ஓர் அறை, கூலியாகக் கையில் நெல். அந்த நெல்லைக் குத்தும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது. இவர் மட்டும் கிண்டலாக, ஊரிலே தன்னைப்போல் ஒரே அடியில் கச்சேரி முடித்தவர் எவருண்டு என்பார்.

நோய் ஓய்ந்ததும் என் அண்ணன் எங்களைச் சொந்த ஊரான திருவாரூருக்கு அழைத்துப்போக வந்தான். திருவிதாங்கூர் எல்லையான ஆரல்வாய்மொழிச் சுங்கச் சாவடியில் வண்டியை மறித்த காவலர் எந்த ஊர் என்று கேட்டார். ஊரைத் தினமும் வைதுகொண்டிருந்த இவர் "பூதப்பாண்டி" என்றார். இந்த ஊரோடு ஒன்றிவிட்டதாக நினைத்திருந்த நான் அதே மூச்சில் "திருவாரூர்" என்றேன்.

காவலர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "புருசனும் பெண்டாட்டியுமா ரெண்டு ஊரு சொல்லுதியளே. வண்டி எங்க போவணும்?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் இவரைப் பார்த்தேன். இவர் மடியில் கிடந்த தவிலின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்த வண்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின.