நீராவிக்கு முதலாளி இல்லை

கொதிகலன் அறைக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டுகிறார். புறங்கையைக் கொதிகலனின் வயிற்றுக்கு அருகே கொண்டுபோய், தலையைச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்கிறார். அதன் பிறகுதான் மீட்டரைப் பார்க்கிறார். கை சொன்னதும் முள் சொல்வதும் ஒத்துப்போனால் "ம்" என்கிறார். ஒத்துப்போகாவிட்டால் மீட்டரை மாற்றச் சொல்கிறார். இதுவரை கை தோற்றதில்லை.

அந்தக் காகித ஆலையில் எல்லோருக்கும் இவர் பாய்லர் அண்ணன். இவர் சேர்ந்தபோது ஆலை ஒரு முதலாளியிடம் இருந்தது. பிறகு அரசு எடுத்துக்கொண்டது. இப்போது மறுபடியும் ஒரு முதலாளி. பெயர்ப்பலகைதான் மாறியது, கொதிகலன் அதேதான்.

விடுமுறை நாளில் இவர் வீட்டில் வாக்குவாதம் சூடு பிடிக்கும். சங்கத்துக்கார மச்சினர் பொதுவுடைமை பற்றிப் பேசினால் கேட்பவருக்குக் கண் கலங்கும். கடை வைத்திருக்கும் தம்பியோ, போட்டி இருந்தால்தான் மனிதன் உழைப்பான் என்று அடித்துப் பேசுவார். அண்ணன் இருவருக்கும் தலையாட்டுவார். ஒரு பக்கமாக ஆட்டினால் கழுத்தாவது மிஞ்சும் என்பாள் மனைவி. இவர் ஒப்புக்கு ஆட்டவில்லை. முதலாளி காலத்தில் காலையில் கேட்ட உதிரி பாகம் மாலையில் வந்தது. ஆனால் எதிர்த்துப் பேசினால் வேலை போனது. அரசு காலத்தில் அதே பாகத்துக்கு மூன்று மாதம், ஐந்து கையெழுத்து. ஆனால் மகளின் அறுவை சிகிச்சைக்குக் கைக்காசு கரையவில்லை.

கொதிகலனின் உச்சியில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. அழுத்தம் அளவு மீறினால் தானே திறந்து ஆவியை வெளியே விட்டுவிடும். அதைக் கம்பியால் இறுக்கிக் கட்டினால் ஆவி வீணாகாது, காகிதம் சீக்கிரம் காயும், உற்பத்தி எகிறும். பழைய முதலாளி கட்டச் சொன்னார். இவர் மறுத்தார், வெளியே அனுப்பப்பட்டார். அரசு வந்து திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. அந்த ஆண்டு இலக்கு எட்டுவது சந்தேகம் என்றார்கள். கட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. இவரே ஏறிக் கட்டினார்.

"அவரு மிரட்டுனப்ப கட்டல. நம்ம ஆலையாச்சேங்கிற ஆசையில நானே கட்டிட்டேன்" என்கிறார். குழாய் வெடித்தது. கூட இருந்தவருக்கு ஒரு கண் போயிற்று. குழாய் பழசு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். விசாரணையில், நான்தான் கட்டினேன் என்று எழுதிக் கொடுத்தார். பேராசைக்கும் நல்ல ஆசைக்கும் ஆவி ஒரே மாதிரிதான் வெடிக்கும் என்று, யாரையும் பழிக்காமல் அவர் சொல்கிறார். தடித்தடியான புத்தகங்கள் தயங்கும் இடம் அது.

இந்த வாரம் புது மேலாளர் வந்து நின்றார். பெரிய ஆர்டர், இரண்டே நாள், வால்வைக் கட்ட வேண்டும். முடியாவிட்டால் நாளை முதல் வர வேண்டாம் என்றார். அண்ணனுக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது பெண்கள் காகிதக் கட்டுகளைப் பொதிந்துகொண்டிருந்தார்கள்.

அவர் வாதாடவில்லை. ஏணியைக் கொண்டுவந்து கொதிகலன் மேல் சாய்த்தார். கம்பியையும் குறடையும் மேலாளர் கையில் கொடுத்தார்.

"நான் ஒருதரம் ஏறிட்டேன் சார். இந்தத் தரம் நீங்க ஏறுங்க."

பிறகு, ஏறுகிறவருக்குக் கால் வழுக்கிவிடக் கூடாதே என்று, ஏணியின் அடியை இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.