மூன்று குலவை

சுகாதார நிலையத்துப் பிரசவ அறையில் பதினெட்டு வருடமாக நர்சாக நிற்கிறேன். எந்தப் பெண் எப்படிக் கத்துவாள் என்று அவள் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே சொல்லிவிடுவேன் என்று எனக்கொரு திமிர் இருந்தது. அந்தத் திமிரை இறக்கி வைத்தவள் முனீஸ்வரி.

எத்தனை விதமான சத்தம் கேட்டிருக்கிறேன்! பாதிப் பேர் "எம்மா, எம்மா" என்பார்கள். அம்மா செத்துப் பத்து வருடம் ஆகியிருந்தாலும் அம்மாதான் வந்தாக வேண்டும். சிலர் சாமியைக் கூப்பிடுவார்கள். குலசாமியில் தொடங்கி, வலி ஏற ஏறப் பக்கத்து ஊர்ச் சாமியையும் வம்புக்கு இழுப்பார்கள். வீரசோழனிலிருந்து வந்த ஓர் அக்கா "யா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே, நடுநடுவே கடையில் யார் நிற்கிறார்கள் என்றும் விசாரித்தாள். இன்னொரு வகை உண்டு. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று, பெயர் கேட்டால் ரேஷன் கார்டை நீட்டுகிற பெண்கள். வலி உச்சிக்கு ஏறியதும் அந்தப் பெயரோடு என்னென்ன சேர்த்துச் சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. வெளியே பெஞ்சில் அந்த ஆள் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். ஆயுசு ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

நான் மட்டும் என்ன யோக்கியம்? "கத்தாதே, கத்தாதே" என்று அவர்களைவிட உரக்கக் கத்துவேன். பாலவனத்தத்திலிருந்து காலையில் இரண்டு பஸ் மாறி வருகிறவளுக்கு வேறு எங்கே கோபத்தைக் காட்டத் தெரியும்?

முனீஸ்வரி நரிக்குடிப் பக்கத்துக்காரி. வீட்டில் மூன்று ஏக்கர் மானாவாரி, முப்பத்தேழு உருப்படி ஆடு. நிலம் வானத்தை நம்பியது, ஆடு இவளை நம்பியது. புருஷன் தங்கபாண்டி லோடு வண்டி ஓட்டுகிறான். மாதா மாதம் பரிசோதனைக்கு வரும்போது என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசுவாள், இரண்டு தடவை "என்னது?" என்று கேட்க வேண்டும். இவளுக்கா ஊரில் அப்படியொரு பெயர் என்று நான் நம்பவே இல்லை.

அந்தப் பெயர் குலவையால் வந்தது. எங்கள் பக்கம் நல்லது எது நடந்தாலும் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை விடுவார்கள். பொங்கல் பானை பொங்கினால் மூன்று, முளைப்பாரி தூக்கினால் மூன்று, பிள்ளை பிறந்தால் மூன்று. முனீஸ்வரி குலவை விட்டால் பூசாரி கையில் சூடம் அணைந்துவிடும், இவள் மூச்சு முடியாதாம். கண்மாய்க்கு அந்தப் பக்கம் மேயும் ஆடெல்லாம் தலையைத் தூக்குமாம். தங்கபாண்டி இவள் முகத்தைப் பார்க்காமலே, குலவையை மட்டும் கேட்டுவிட்டு, "அது யாரு, அந்தப் பிள்ளையத்தான் கட்டுவேன்" என்று நின்றவன்.

தாயில்லாத பிள்ளை. அதனால் தலைப்பிரசவமும் மாமியார் கருத்தம்மாள் பொறுப்பு. காலை ஏழு மணிக்கு மருமகளைக் கூட்டிவந்து, துணைக்கு உள்ளேயே நின்றார். நின்றவர் சும்மா நிற்கவில்லை.

"வாயைத் தொறந்துராத தாயி. மானம் போயிரும். நான் நாலு பெத்தேன் நர்சம்மா. அடுத்த வீட்டுக்காரிக்குச் சத்தம் கேக்கல. தண்ணி எடுத்துட்டு வந்து பாக்குறா, பிள்ள கெடக்கு!"

இந்தக் கதையை மூன்று முறை சொன்னார். வலி வரும்போதெல்லாம் முந்தானையை எடுத்து மருமகள் வாயருகே கொண்டுபோனார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மானம் அப்புறம் போகட்டும். மொதல்ல நீங்க வெளிய போங்க" என்று அனுப்பிவிட்டேன்.

அனுப்பி என்ன? மாமியார் போனார், அவர் சொல் போகவில்லை. முனீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண் பிதுங்கக் கிடந்தாள். ஒரு முனகல் இல்லை. பிள்ளையின் தலை ஒன்பது மணிக்கு எங்கே இருந்ததோ ஒரு மணிக்கும் அங்கேயேதான் இருந்தது. டாக்டர் சுவாதி பார்த்துவிட்டு, "ரெண்டு மணி வரைக்கும் பாப்போம் சிஸ்டர். அப்பவும் எறங்கலன்னா 108-ஐக் கூப்பிட்டு அருப்புக்கோட்டைக்கு அனுப்பிரலாம்" என்றார்.

டாக்டர் அந்தப் பக்கம் போனதும் முனீஸ்வரி என் கையைப் பிடித்தாள். "அக்கா, வயித்தக் கீறிருவாகளா?"

"தேவைப்பட்டாக் கீறுவாக. அதுல என்ன?"

"கீறுனா நாளாகும்லக்கா ஆட்டுக்குப் போக? அவுக லோடு ஏத்திட்டுப் போனா நாலு நாளைக்கு வரமாட்டாக. அயித்தைக்கு முட்டி வலி. என் ஆடு வேற ஆளு பின்னால போகாது. வித்துருவாகக்கா." சொல்லும்போதே அழுதாள். அதையும் சத்தமில்லாமல் அழுதாள்.

கீறுவதில் பாவம் ஒன்றுமில்லை. அவசியமென்றால் நானே வண்டியில் ஏற்றிவிடுவேன். ஆனால் இவளுக்கு இடுப்பும் சரியாக இருந்தது, பிள்ளையின் இதயத் துடிப்பும் சரியாக இருந்தது. பூட்டியிருந்தது வாய் ஒன்றுதான். வாய் இறுகினால் உடம்பு மொத்தமும் இறுகும். மூச்சை அடக்கிக்கொண்டு எதைத் தள்ளுவது?

"கத்துடி" என்றேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

"மாட்டேன்க்கா. வெளிய அயித்த இருக்காக."

"சரி, கத்த வேணாம். ஒனக்குக் கூச்சமில்லாம வர்ற சத்தம் ஏதாச்சும் இருக்கா? அதப் போடு."

அவள் யோசித்தாள். யோசிக்கும்போதே அடுத்த வலி வந்தது. வாயைத் திறந்தாள். நாக்கு சுழன்றது.

அடேயப்பா! தட்டில் இருந்த கத்தரிக்கோல் கிணுகிணுத்தது. ஒரே மூச்சில் நீளமாக ஒரு குலவை. அது முடிந்து மூச்சு வாங்கி இன்னொன்று. இன்னொன்று. குலவை என்றால் மூன்றுதானே, பழக்கம் விடுமா? மூன்றாவது முடியவும் வலி இறங்கியது. தோள் தளர்ந்து, தாடை தளர்ந்து, "அக்கா, இது பரவாயில்லக்கா" என்றாள்.

ஐந்து நிமிடத்தில் அடுத்த வலி. மறுபடி மூன்று குலவை. அப்புறம் இன்னொரு மூன்று. பிள்ளை இறங்க ஆரம்பித்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டுவர வெளியே ஓடினேன்.

வெளியே போய்ப் பார்த்தால், சுகாதார நிலையமே மென்றுகொண்டிருந்தது. எல்லார் கையிலும் கருப்பட்டி மிட்டாய். மாத்திரைச் சீட்டு எழுதுகிறவர் வாயிலும் மிட்டாய். சுகர் மாத்திரை வாங்க வந்த பெரியவர் கையில் மூன்று. தங்கபாண்டி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் காலி மிட்டாய்ப் பெட்டி, முகத்தில் ரத்தமே இல்லை.

"நர்சக்கா, மூணும் நல்லாருக்கா?" என்றான்.

"எந்த மூணு?"

"மூணு பிள்ளையும்க்கா. மூணு தடவ குலவ விட்டாளே. மொதல் குலவைக்கு மிட்டாய் வாங்கிட்டு வந்தேன். ரெண்டாவதுக்கு ரெட்டப் பிள்ளைன்னு எல்லாருக்கும் போனப் போட்டேன். மூணாவதுக்கு எந்திரிக்க முடியல."

"ஸ்கேன்ல ஒண்ணுதானேய்யா இருந்துச்சு!"

"பின்னால ஒளிஞ்சு நின்னுருக்குமாம்க்கா. இந்தப் பெரியவர் சொன்னாரு."

பெரியவர் மிட்டாயை மறைத்துக்கொண்டார்.

"அட மக்கா, இன்னும் ஒண்ணுகூடப் பொறக்கலய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் மெல்வது நின்றது.

கருத்தம்மாள் எழுந்து வந்தார். "பெறகு எதுக்கு அவ குலவ விடுறா?"

"வலிக்கு."

"வலிக்கு யாராச்சும் குலவ விடுவாகளா?"

"கத்துனா மானம் போயிரும்னு நீங்கதான சொன்னீக? பாவம், அவளுக்குத் தெரிஞ்ச மரியாதையான சத்தம் அது ஒண்ணுதான்."

உள்ளேயிருந்து மறுபடி குலவை கேட்டது. டாக்டர் தன் அறையிலிருந்து எழுந்து ஓட, நான் பின்னால் ஓட, என் பின்னாலேயே கருத்தம்மாளும் வந்துவிட்டார். தடுக்க நேரமில்லை.

தள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது. தலை தெரிந்தது. முனீஸ்வரி முழு மூச்சோடு வாயைத் திறந்தாள். திறந்தவள் தலைமாட்டில் மாமியாரைப் பார்த்தாள். பட்டென்று மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், தெரிந்த தலை உள்ளே போனது. மணி இரண்டாகப் பத்து நிமிடம். எனக்கு அந்த மனுஷியைத் தூக்கி வெளியே எறியலாம்போல இருந்தது.

கருத்தம்மாள் குனிந்தார். மருமகளின் தாடையைப் பிடித்தார்.

"தொற தாயி" என்றார். "நான் ஒண்ணும் சத்தம் போடாமப் பெறல. எங்க மாமியா துணியச் சுருட்டி என் வாய்ல வச்சு அமுக்கிட்டாக. நாலுக்கும். அதத்தான் நான் பெரும பேசிக்கிட்டுத் திரிஞ்சேன். நீ கத்து தாயி. ஊரே கேக்கட்டும்."

அந்த அறையில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இப்படியொரு பேச்சைக் கேட்டதில்லை.

முனீஸ்வரி கத்தினாள். குலவை இல்லை, கத்தல். தாயில்லாத அந்தப் பிள்ளை "அயித்தே!" என்று கத்தினாள். மூன்றாவது "அயித்தே"க்குப் பிள்ளை என் கையில் இருந்தது. பெண் பிள்ளை. வந்ததும் வராததுமாக வீறிட்டது. குரல் யாரைக் கொண்டிருக்கிறது என்று கேட்கவே வேண்டாம்.

பெற்றவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. முறைப்படி யாராவது குலவை விட வேண்டுமே. கருத்தம்மாள் விட்டார். முட்டி வலி உள்ளவர், பல் இரண்டு இல்லாதவர், ஒரு கையால் மருமகளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, உடைந்த குரலில் மூன்று குலவை.

வெளியே ஒருவரும் அசையவில்லை. தங்கபாண்டியின் குரல் மட்டும் கேட்டது.

"யாரும் எந்திரிக்காதீக. அது வலியாம். இன்னும் பொறக்கல."

கருத்தம்மாள் போய்க் கதவைத் திறந்தார். அடுத்த வீட்டுக்காரிக்குக்கூடக் கேட்காமல் நாலு பெற்ற அந்த மனுஷி, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"ஏலே, பொறந்துருச்சுடா! ஒண்ணுதாம்லே! பொம்பளப் பிள்ள! என்னமாக் கத்துறா பாரு... கத்தட்டும்!"