வாப்பா தந்த முதுசம்

ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது என் வலது காலில் செருப்பு இல்லை. கழன்று விழுந்தது எனக்குத் தெரியாது. வழியில் கண்டவர்கள் சிரித்தார்கள். கல்முனைக்குடியில் நான் எதைச் செய்தாலும் பகிடியாகத்தான் எடுப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு ஏறியிருந்ததை மனைவிதான் கண்டாள். வலிக்கவே இல்லை.

கால் மவுத்தாகிவிட்டது, மீதியும் பின்னால் போகும் என்று நினைத்து, உடனே கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கலிமாச் சொன்னேன். அவளிடம் மாப்புக் கேட்டேன். அதே மூச்சில் சோறு ஆகிவிட்டதா என்றும் கேட்டேன்.

"மவுத்தாகப் போற மனிசனுக்குச் சோறு என்னத்துக்கு? எழும்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

நியூரோபதி (சீனி வருத்தத்தால் நரம்பு மரத்துப்போவது) என்றார் டொக்டர். தராசு நூற்றெட்டுக் கிலோ காட்டியது. சீனி இருப்பது நான்கு வருடமாகத் தெரியும். குளிசைதான் ஒழுங்காகப் போடுவதில்லை.

"இது வாப்பா தந்த முதுசம், டொக்டர். நான் என்ன செய்யிற?"

"வாப்பாக்கு எத்தின வயசில வந்த?"

"அறுபத்தெட்டில."

"ஆள் உங்களப் போலயா?"

இல்லை. மெலிந்த மனிதர். சவளக்கடை வயலுக்குத் தினமும் சைக்கிளில் போனவர்.

"உங்களுக்கு நாப்பத்திமூணில வந்திரிக்கி. பரம்பரை இரிந்தா வரலாம்தான். நிறை கூடினா முந்தியே வந்திரும். இடையில இரிந்த இருபத்தஞ்சு வருசம் எங்க?"

பதில் என் சாரனுக்கு மேலே வயிறாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

முதுசம் என்பது எங்கள் ஊரில் பரம்பரையாக வரும் காணிக்குச் சொல்லும் சொல். வாப்பா தந்த வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கடைக் கதிரையில் உட்கார்ந்தவன் நான். கல்யாண வீடுகளில் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டில், நான் இருந்தால் ஐந்து பேருக்குத்தான் இடம். அங்கே இறைச்சியைக் கிள்ளிக்கொண்டே, "வாப்பாட ரத்தம், என்ன செய்யிற?" என்பேன். மவுத்தானவர் மறுக்க வரமாட்டார் என்ற தைரியம்.

காயம் ஆற மூன்று மாதம் எடுத்தது. விரல்களில் உணர்வு திரும்பவில்லை. தொழுகைக்கு முன் வுழூச் செய்யும்போது தண்ணீரின் குளிர் இடது காலுக்குத்தான் கொஞ்சம் தெரிகிறது. உங்கள் காலும் மரத்துப்போனால் என்னைப் போல் கட்டிலில் படுக்காதீர்கள், போய்க் காட்டுங்கள்.

காலையில் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, புதுக் காயம் இருக்கிறதா என்று உள்ளங்காலைப் பார்க்கிறேன். ஒருநாள் மகள் பக்கத்தில் வந்து நின்றாள். பதினாறு வயது. என் உடம்புதான் அவளுக்கும்.

"இதும் எனக்கு முதுசமா வாப்பா?"

"ஓம் மகள்" என்றேன். கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டு, "வயலும்தான்" என்றேன்.

இப்போது மாலையில் அசர் தொழுகைக்குப் பிறகு இருவரும் சவளக்கடை வயலுக்குப் போகிறோம். வார் வைத்த சப்பாத்தோடு, கால் எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்து நடக்கிறேன். பாதி வரம்பில் மூச்சு வாங்குகிறது. எழுபத்தைந்து வயதில் வாப்பா, தோளில் மண்வெட்டியோடு கடைசிவரை நடந்த வரம்பு அது.