வெறும் வாடகைக்குப் போன இன்ஜின்

சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரின் அறிக்கை கிளை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த முப்பது நாட்களுக்குள், இழப்பீடு உண்டு அல்லது இல்லை என்று காரணத்தோடு எழுத்தில் சொல்லிவிட வேண்டும். இது விதி. காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டுப் பிரிவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து எழுந்தவன் நான். இந்த விதியை மீறும் முறைகளும் எனக்குத் தெரியும். ஓய்வு பெற்று மரக்காணத்துக்கு வந்த பிறகு, அதே நிறுவனத்தின் கிளை ஒன்றில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார நேர்ந்தது. இந்தப் பக்கத்து நாற்காலிக்குக் கைகள் கிடையாது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

போனது என் தங்கையின் இன்ஜின். கணவனை இழந்தவள். பதினோரு வருடம் தலையில் உப்புக்கூடை சுமந்துவிட்டு, கடைசியில் பம்போடு ஒரு டீசல் இன்ஜின் வாங்கினாள். கால்வாயிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திக்குக் கொடுக்கும் இன்ஜின். எங்கள் பக்கத்தில் இதை இரண்டு விதமாக விடுவார்கள். ஓட்டுகிற ஆளோடு அனுப்புவது ஒன்று. இன்ஜினை மட்டும் அனுப்புவது வெறும் வாடகை. அவளிடம் ஆள் ஏது? வெறும் வாடகைக்குத்தான் விட்டாள். அதில் சாப்பிட்டாள். பாதத்து வெடிப்புகளும் ஆறின.

2005 தொடக்கத்தில் காப்பீடு எடுத்துக்கொடுத்தவன் நான். சாதாரணக் காப்பீடு, இன்ஜின் அவள் கொட்டகையில் இருக்கும்போது மட்டும் செல்லும். அதனால் கூடுதல் பிரீமியம் கட்டி ஒரு பிரிவைச் சேர்த்தேன்: இயக்குபவர் இல்லாமல் வாடகைக்குப் போய், வாடகைக்கு எடுத்தவரின் பொறுப்பில் இருக்கும்போதும் செல்லும். கொட்டகையில் இருந்தால் ஒரு பிரிவு, வெளியே போனால் இன்னொரு பிரிவு. நடுவில் எறும்பு நுழைய இடமில்லை என்று தங்கையிடம் பெருமையடித்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடவில்லை. கால்வாய்க் கரை உடைந்து, வரப்பின் மேல் நின்ற இன்ஜின் சேற்றோடு உப்புத் தண்ணீரில் மூழ்கியது. தண்ணீர் வடிந்து எடுத்தபோது உள்ளே எல்லாம் இறுகிப்போயிருந்தது. வாடகைக்கு எடுத்திருந்த உப்பளக் குத்தகைக்காரர் வந்து தலையில் கைவைத்து நின்றார். "வண்டி போவ வழியே இல்லீங்க ஐயா. இருந்தா மாட்டைக் கட்டியாவது இழுத்துனு வந்திருப்பேன்" என்றார். அவர்மேல் தப்பில்லை.

சர்வேயர் வந்த அன்று நான் புதுச்சேரியில் கண்புரை அறுவைக்குப் படுத்திருந்தேன். தங்கை தனியாகப் பதில் சொன்னாள்.

"மழை பெஞ்சப்போ இன்ஜின் யார் பொறுப்புலம்மா இருந்துச்சு?"

"எம் பொறுப்புலதாங்க. ஹேண்டில் எங்க வூட்டாண்ட இருந்துச்சே."

இதை இங்கே விளக்கியாக வேண்டும். ஹேண்டில் என்பது இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கம்பி. சாயங்காலம் வேலை முடிந்ததும் குத்தகைக்காரர் இன்ஜினை அங்கேயே விட்டுவிட்டு, ஹேண்டிலை மட்டும் கொண்டுவந்து உரிமையாளர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். இல்லையென்றால் பக்கத்துப் பாத்திக்காரன் இன்ஜினைக் கிளப்பித் தன் பாத்திக்கு இறைத்துக்கொள்வான். ஹேண்டில் வந்துவிட்டால் இன்ஜினுக்கு உரிமையாளர் பொறுப்பு என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சண்டை வராமலிருக்கச் சொல்லும் மரியாதைப் பேச்சு அது. தங்கை அதை அப்படியே சொல்லி, கீழே கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

அறிக்கை டிசம்பர் முதல் வாரத்தில் கிளைக்குப் போயிற்று. பதில் பிப்ரவரியில் வந்தது. சேதத்தின்போது இன்ஜின் வாடகைதாரர் பொறுப்பில் இல்லை, ஆகவே கூடுதல் பிரிவு பொருந்தாது. கொட்டகையிலும் இல்லை, ஆகவே முதல் பிரிவும் பொருந்தாது. அவ்வளவுதான் கடிதம். எறும்பு நுழையாத இடத்தில் ஒரு ஹேண்டில் நுழைந்துவிட்டது.

கையெழுத்திட்ட கிளை மேலாளர் வெளியூர்க்காரராக இருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன். அவர் இந்தக் கடற்கரைக்காரர். அவர் வீட்டுக்கே உப்பளம் உண்டு. போய்க் கேட்டேன்.

"ஹேண்டில் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா ஃபைல்ல அந்தம்மா ஸ்டேட்மெண்ட்தானே இருக்குது? நீங்களே இந்த சீட்ல இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பீங்க."

சிரித்துக்கொண்டு சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். அந்தச் சிரிப்பை அவர் முகத்திலிருந்து எடுக்காமல் விடுவதில்லை என்று அந்த டீயைக் குடித்துக்கொண்டே முடிவு செய்தேன்.

கடிதத்தின் நகல் வேண்டும் என்று சொல்லி அன்று மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அலுவலகம் மூடும் நேரத்தில் பியூன் பின்பக்கம் போனான். அங்கே ஒரு ஜெனரேட்டர் நின்றது. அதைப் பூட்டி, சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு வந்தான். விசாரித்தேன். "வாடகை ஜெனரேட்டர் சார். கடைக்காரரோடது. சாவி நம்மாண்ட இருந்தா மாடியில இருக்கறவங்க ஓட்டிக்கறாங்க. அதான் அவராண்டயே குடுத்துடறோம்" என்றான். அவனுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அன்று போல் நிம்மதியாக நான் பஸ்ஸில் தூங்கியதில்லை.

தகவல் உரிமைச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மூன்று கேள்விகள் எழுதினேன். சர்வேயர் அறிக்கை எந்தத் தேதியில் உள்வரவுப் பதிவேட்டில் ஏறியது? முப்பது நாள் விதி மீறப்பட்டதற்கு யார் பொறுப்பு? மூன்றாவது, கிளையின் பின்புறம் இயக்குபவர் இல்லாமல் வாடகைக்கு எடுத்திருக்கும் ஜெனரேட்டரின் சாவி மாலையில் உரிமையாளரிடம் போய்விடுவதால், இரவில் அது யார் பொறுப்பில் இருக்கிறது? கிளையின் பொறுப்பில்தான் என்றால், என் தங்கையின் இன்ஜினுக்கு மட்டும் வேறு கணக்கு ஏன்?

ஒரு வாரத்தில் மேலாளர் எங்கள் வீட்டுக்கே போன் செய்தார். சிரிப்பு இல்லை.

"சார், மூணாவது கேள்விய மேல அனுப்புனா எனக்கு அசிங்கமாயிடும். நீங்க அதை வாபஸ் வாங்கிக்குங்க. உங்க தங்கச்சி கேஸை நான் ரீஓப்பன் பண்ணி இந்த மாசமே முடிச்சிடறேன்."

"எழுத்துல குடுங்க" என்றேன்.

"அதெப்படி சார் எழுத்துல?"

"அப்ப நானும் வாபஸ் வாங்கறதா இல்லீங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் தங்கை நின்றிருந்தாள். ரிசீவரிலிருந்து வந்த மேலாளர் குரலும் அவளுக்குக் கேட்டிருந்தது.

"இந்த மாசமே முடிச்சுத் தரேன்னு சொன்னானா இல்லியா?"

"வாய்ல சொன்னான். நாளைக்கு மாத்திப் பேசுவான்."

"சீசன் ஆரம்பிச்சிடுச்சுண்ணா. அந்தக் குத்தகைக்காரரு வேற இன்ஜின் பார்த்துட்டாரு. உனுக்கு இன்னா வோணும்? இன்ஜினா, அந்த ஆள் மூஞ்சியா?"

நடைமுறைப்படி நான் செய்தது சரி. வாய்மொழி உறுதிக்கு எந்தக் கோப்பிலும் இடமில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் இரண்டாவதுதான். இன்றும் அதுதான்.

மார்ச்சில் அவள் மறுபடியும் கூடை தூக்கப் போனாள். விடிவதற்கு முன் கிளம்பி, வெயில் ஏறியதும் திரும்புவாள். திண்டிவனம் சாலையில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே வரிசையாகப் போகும் பெண்கள் தெரிவார்கள். எது அவள் என்று தேடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். தகவல் உரிமை மனுவுக்கும் முப்பது நாள்தான் கெடு; கிளை பதில் தராததால் முப்பத்தோராம் நாள் நான் மேல்முறையீடு எழுதினேன். மண்டல அலுவலகத்துக்கு, மூன்று பிரதிகள், ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில். மண்டல அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி கிளைக்கு வந்து, ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று மேலாளரை விசாரித்ததாகவும், மேலாளர் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்ததாகவும் பியூன் சொன்னான். அதை அவனிடம் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

கடைசியில் வந்த கடிதத்தில் மேலாளர் கையெழுத்தே இல்லை. அவர் இடத்தில் வேறொருவர் போட்டிருந்தார். இயக்கும் உபகரணத்தை யார் வைத்திருந்தாலும் வாடகைக் காலம் முழுவதும் இயந்திரம் வாடகைதாரரின் பொறுப்பிலேயே இருந்ததாகக் கொள்ளப்படுகிறது, இழப்பீடு அனுமதிக்கப்படுகிறது என்று ஒரே வாக்கியம். தபால்காரர் வந்தபோது தங்கை வீட்டில் இல்லை, உப்பளத்தில் இருந்தாள். நானே கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையின் மேல் தேதி எழுதினேன்: 24 ஏப்ரல் 2006.