ஐம்பது பேரைக் கேட்டுவிட்டு வா

அடுத்தவர் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போய், அது கிடைத்துவிட்டால் சந்தோஷப்படுகிற தொழில்கள் உலகத்தில் இரண்டு மூன்றுதான் இருக்கும். என்னுடையது அதில் ஒன்று. ஒரு பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தின் தொழில்முனைவோர் மையத்தில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். மாணவர்களுக்குக் கம்பெனி ஆரம்பிக்கக் கற்றுத்தர வேண்டும். கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் தொழிற்சாலைகள் நிறைய என்பதால் களப்பயிற்சி முழுக்க இங்கேதான். பயிற்சி, திட்டம், அறிக்கை என்று எதிலாவது மாட்டிக்கொண்டு முழிக்கும் சக ஜீவன்களே, உங்களிடம் சொன்னால் புரியும்.

டீக்கடையில் முதல் பாடம்

எங்கள் பாடத்தில் ஒரு விதி உண்டு. எதையும் செய்து பார்ப்பதற்கு முன்னால் ஐம்பது பேரிடம் போய் அவர்களுடைய பிரச்சினை என்னவென்று கேட்க வேண்டும். அந்த வருடம் என்னிடம் வந்து சேர்ந்தவர்கள் கௌசல்யாவும் இம்ரானும். கௌசல்யா ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் நெல் பயிரிடும் குடும்பம். மெக்கானிக்கல் கடைசி வருடம். இம்ரான் பழவேற்காட்டுப் பையன், எலக்ட்ரானிக்ஸ்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் ஷிஃப்ட் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரைக் கௌசல்யா மடக்கினாள். கையில் அட்டை, பேனா. "அண்ணா, உங்க வாழ்க்கையிலே பெரிய பிரச்சினை என்ன?" அவர் டீயை ஊதினார். அவளைப் பார்த்தார். பின்னால் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற என்னையும் பார்த்தார். "மொதல்ல நீ யாருன்னு சொல்லும்மா. சர்வேயா, லோனா, ஓட்டா? அதுக்கேத்த பிரச்சினையா சொல்றேன்."

நண்டு விலை

இம்ரானுக்கு ஐம்பது பேர் தேவைப்படவில்லை. அவன் அம்மா ஷெரிஃபா பழவேற்காட்டில் நண்டு வாங்கி விற்கிறவர். அன்றன்றைய நண்டு விலையைப் போனில் காட்டும் ஆப் ஒன்றை ஒரு மாதம் உட்கார்ந்து செய்துவிட்டான். அம்மாவிடம் காட்ட மூன்று பேருமாகப் போனோம். உயிர் நண்டின் கொடுக்கைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தவர், கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. காலைல இதுல விலைய யாரு போடுவாங்க?" என்றார்.

"இங்க இருக்கற வியாபாரிங்கள கேட்டு நாங்க போடுவோம்மா."

"அந்த வியாபாரிங்க யாரு?" இம்ரான் நண்டையே பார்த்தான். அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "என்னை விலை கேட்டு, அத்த எனக்கே காட்டறதுக்கு ஒரு மாசம் ஆச்சாடா உனக்கு? சரி, சாரையும் இட்டுக்கினு உள்ள வா, நாஷ்டா துன்னு."

நாற்பத்தோராவது ஆள்

திருவள்ளூருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை. இரும்புத் தகட்டை அச்சில் வைத்துக் காலால் பெடலை மிதித்தால், மேலிருந்து பிரஸ் இறங்கித் தகட்டை வெட்டும். எல்லாம் பழைய மிஷின்கள். அங்கே வேலை செய்த தணிகாசலம் எங்களுக்கு டீ கிளாஸை நீட்டியபோதுதான் கவனித்தோம், இடது கையில் இரண்டு விரல் இல்லை. அட்டையில் எழுதி வைத்திருந்த கேள்வியைக் கேட்கக் கௌசல்யாவுக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

"நீங்க இன்னா பிரச்சினைன்னு கேக்க வந்தீங்க, சொல்றேன் எழுதிக்க. கையி உள்ள கீறது காலுக்குத் தெரியமாட்டேங்குது. அவ்ளோதான்."

ஊத்துக்கோட்டையிலிருந்து ஒரு விருந்தாளி

அதற்கப்புறம் இரண்டு பேரும் ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியே வரவில்லை. அச்சுக்கு முன்னால் வரிசையாக மெல்லிய ஒளிக்கதிர். கை அதைக் கடந்து உள்ளே இருக்கும்வரை பெடல் பூட்டிக்கொள்ளும். பெரிய தொழிற்சாலைகளில் இந்த மாதிரி உண்டு. சின்னப் பட்டறையின் பழைய மிஷினுக்குப் பொருந்துகிற மாதிரி மலிவாகச் செய்வதுதான் இவர்கள் வேலை. இதற்கு நடுவே கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று கௌசல்யா எழுதிக் கொடுத்துவிட்டாள். எனக்கே அது அவள் அப்பா வந்து நின்றபோதுதான் தெரியும்.

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீங்க எத்தினி கம்பெனி சார் ஆரம்பிச்சிக்கிறீங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லைங்க. எனக்கு மாசச் சம்பளம்" என்றேன். பொய் சொல்ல இடமில்லை. கௌசல்யா, "நைனா, ஒரு தபா வந்து பாரு" என்று அவரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு பழைய பிரஸ்ஸில் கருவியை மாட்டி வைத்திருந்தார்கள். மனிதர் தன் துண்டை அச்சுக்குள் போட்டுவிட்டுப் பெடலை மிதித்தார். அசையவில்லை. இன்னும் ஓங்கி மிதித்தார். அசையவில்லை. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அப்பா என் பக்கம் திரும்பினார். "நானும் நாத்து உட்டுட்டு மானத்தப் பாத்துக்கினு நிக்கிறவன்தான் சார். எனக்கு எவன் வேலை உத்தரவாதம் குட்த்தான்? ஒரு வருசம் பண்ணட்டும்."

பிடுங்கிய ஒயர்

தணிகாசலத்தின் மிஷினில் மாட்டினோம். இரண்டாம் நாள் போனால் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி ஆணியில் தொங்கவிட்டிருந்தார். இம்ரானுக்கு முகம் சுருங்கிவிட்டது. கௌசல்யா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், காலையிலிருந்து மதியம் வரை. எண்ணெய் தெறித்து, கதிர் வரும் கண்ணாடி மங்குவதும், கை வெளியே வந்த பிறகும் சட்டைக் கை கதிரில் படுவதும், அதனால் பெடல் வீணாகப் பூட்டிக்கொள்வதும் அப்போதுதான் தெரிந்தன. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணா?" என்றாள்.

"நீ என் விரல பாத்து அழுவற மாதிரி நின்ன. உன் மிசினப் பத்தி எப்டி கொற சொல்றது?"

புதுமை தினம்

பல்கலைக்கழகத்தில் வருடாந்திர இன்னோவேஷன் தினம். மேடை, திரை, காலர் மைக். எண்ணெய்க்கு ஒரு மறைப்பும், கதிருக்குப் புது இடமும் வைத்த மாடலைக் கௌசல்யாவும் இம்ரானும் காட்டினார்கள். நடுவர் ஒருவர், "இதில் ஏஐ எங்கே வருகிறது?" என்று கேட்டார். "வரலை சார்" என்றான் இம்ரான். அம்மா வளர்த்த வாய். பரிசு வேறு குழுவுக்குப் போனது. செடிக்குத் தண்ணீர் வேண்டுமா என்று செடியிடமே பேசிக் கேட்கும் கருவி.

மைய இயக்குநரான பேராசிரியர் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார். ஆறுதல் சொல்வார் என்று மூன்று பேரும் நிமிர்ந்தோம். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "அடுத்த தடவை அந்த லைட்டை நீலத்திலே போடுங்கப்பா. நடுவர்களுக்கு நீலம்னாத்தான் எதிர்காலம்."

புதன்கிழமை காலை

அடுத்த வாரம் பட்டறையில் நாங்கள் கண்ணாடியைத் துடைப்பது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து மிஷின்காரர் ஏதோ கேட்க, தணிகாசலம் தலையைத் திருப்பிப் பதில் சொன்னார். வலது கை சிக்கிய தகட்டை எடுக்க அச்சுக்குள் இருந்தது. கால், பழக்கத்தில், பெடலை மிதித்தது. டக் என்று ஒரு சத்தம். பெடல் இறங்கவில்லை. பிரஸ் மேலேயே நின்றது.

அவர் கையை மெதுவாக வெளியே எடுத்தார். விரல்களை விரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். மோட்டாரை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டு, "சும்மாத்தான். இன்னா கொழம்பு?" என்று கேட்டார். கௌசல்யா துடைக்கிற துணியோடு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இம்ரான் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். தணிகாசலம் உள்ளே வந்து மூலை மிஷினைக் காட்டினார். "அதுக்கும் ஒண்ணு மாட்டிடும்மா. அதுல என் மச்சான் வேல செய்றான்."

அந்தப் பட்டறை முழுக்க இப்போது மாட்டியாகிவிட்டது, அக்கம்பக்கத்திலும் கேட்கிறார்கள், இருவரும் கம்பெனியையும் பதிவு செய்துவிட்டார்கள். ஆனால் காப்புரிமை எத்தனை, கோப்பை எத்தனை என்று கட்டம் கட்டமாகக் கேட்கும் எங்கள் ஆண்டறிக்கையில் போகாமல் நின்ற விரல்களுக்குக் கட்டம் இல்லாததால், "இதர விவரங்கள்" என்ற இடத்தில் "ஐந்து" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன், விளக்கம் கேட்டு இன்னும் கடிதம் வரவில்லை.