வாசலில் கழற்றிய சப்பாத்து

ஏதென்சுக்குப் போய்வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வெயிலையோ வரிசையையோ சொல்லவில்லை. ஒரு படத்தைச் சொல்கிறேன்.

டென்மார்க்கில், சில்க்போர்க் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துத் தோழி ஒருத்திதான் எங்களை அந்தச் சுற்றுலாக் குழுவுக்குள் இழுத்துவிட்டாள். என்னையும் என் கணவரையும் தவிர எல்லோரும் டேனிஷ்காரர். கூட்டிக்கொண்டு போனவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். தூண்களைப் பற்றித் தொடங்கினால் மூச்சுவிட மாட்டார்.

அக்ரோபோலிஸ் குன்றின் பெரிய வாயிலுக்கு வந்ததும் நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். யோசித்துச் செய்ததல்ல. கோயில் என்றார்கள், வாசல் வந்தது, கை தன்பாட்டில் போய்விட்டது. கல் சுட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள், யாரோ படம் எடுத்தார்கள். என் கணவரின் முகம் கறுத்துவிட்டது.

"இஞ்சேரும், சப்பாத்தைப் போடும்."

"கோயில்தானேயப்பா. என்ன வந்தது இப்ப?"

"போடும் எண்டெல்லே சொல்லுறன்!"

என்னோடு சத்தம் போடுகிற மனிதர் இல்லை அவர். வெள்ளைக்காரருக்கு முன்னால் பெண்சாதி வெறுங்காலோடு நின்றது மானம் போன காரியமாகிவிட்டதாக்கும் என்று பொருமிக்கொண்டே போட்டேன்.

மேலே பார்த்தினன் கோயிலுக்கு முன்னால் ஆசிரியர் கதை சொன்னார். முந்நூறு வருடத்துக்கு மேலாகிறதாம். ஊரை முற்றுகையிட்ட படை அடித்த குண்டு கோயிலில் விழுந்ததாம். உள்ளே வெடிமருந்து இருந்ததாம். தஞ்சம் புகுந்திருந்த சனமும் செத்ததாம். அதே மூச்சில், "எப்பேர்ப்பட்ட இழப்பு!" என்று அவர் கையை நீட்டியது தூண்களை நோக்கி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உள்ளே இருந்தது யார்? பெண்களா, பிள்ளைகளா?" என்று கேட்டேன்.

"அது இன்றைய தலைப்பில் இல்லை," என்று சிரித்துவிட்டு, தூண்கள் நடுவில் ஏன் பருத்திருக்கின்றன என்பதற்குப் போய்விட்டார். கல்லுக்கு அரைமணி நேரம், சனத்துக்கு அரை வசனம்! எங்கள் ஊரில் போர் நடந்தபோது ஷெல்லடிக்குப் பயந்து கோயிலுக்குள் ஓடி, அங்கேயே செத்துப்போனவர் என் மாமியார். பெற்ற மகன் பக்கத்தில்தான் நிற்கிறார். வாயில் கொழுக்கட்டை வைத்தவர் மாதிரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆசிரியரைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம். விமானம் ஏறும்வரை நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

டேனிஷ்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. பயணம் முடிந்த பிறகும் ஒருதரம் கூடி, படம் பார்த்து, கோப்பி குடித்துக் கேக் சாப்பிட வேண்டும். எங்கள் குழுவும் சில்க்போர்க்கில் ஒரு மண்டபத்தில் கூடியது. கடல், ஒலிவ் மரம், தூண், திரும்பவும் தூண். பிறகு திரை முழுக்க நான். வெறுங்கால், பக்கத்தில் என் சப்பாத்து. கீழே டேனிஷில் எழுதியிருந்தார்கள்: 'எங்கள் குட்டிப் பக்தை'. மண்டபமே சிரித்தது. ஐம்பத்தாறு வயதில் நான் குட்டியாம்! என்னோடு உண்டு உறங்கித் திரிந்த சனம், ஏன் கழற்றினாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்போம் என்று எழுந்தேன். ஆசிரியர் அவசரமாகப் படத்தை மாற்றினார். திரும்பவும் தூண் வந்தது.

"முந்தின படத்துக்குப் போங்கள்."

என் கணவர்தான். தொழிற்சாலையில் பழகிய டேனிஷ் அவருடையது. துண்டு துண்டாகத்தான் வரும். படம் திரும்பி வந்ததும் எழுந்து போய்த் திரையைத் தொட்டார். என்னைக் காட்டவில்லை, சப்பாத்தைக் காட்டினார்.

"என் அம்மாவும் இப்படித்தான். ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஓடி வந்தவ வாசலில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கோயிலுக்குள் போனா. உள்ளே யாரையும் அடையாளம் காண முடியவில்லை. செருப்பு வாசலில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அம்மா உள்ளே என்று எனக்குத் தெரிந்தது."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தச் செருப்பைப் பற்றி நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். யாரும் கேக்கைத் தொடவில்லை. அவர் ஆசிரியரின் பக்கம் திரும்பினார்.

"உள்ளே யார் இருந்தது என்று என் மனைவி கேட்டா. நீங்கள் இன்னும் சொல்லவில்லை."